எட்டில் ஒரு சுற்று

ஓர் இயந்திரத்தின் உயிர் அதன் ஊசியில் இருக்கிறது. அந்த ஊசியின் ரகசியமோ கேட்கத் தெரிந்த காதுக்கு மட்டுமே வசப்படும். இந்த மாபெரும் உண்மையை அவர் அறிவித்தபோது, மேற்படி இயந்திரம் அவருடைய மனைவியின் குளியல் துண்டின் மேல் எண்ணெய் ஒழுக்கிக்கொண்டிருந்தது. முழங்கை நீள பொம்மைக் கார். நைட்ரோ எரிபொருளில் ஓடும், ரிமோட்டுக்குக் கட்டுப்படும். ஊசி என்பது அதன் இன்ஜினுக்குள் எரிபொருளை அளந்து விடும் குட்டித் திருகு.

வார நாட்களில் அவர் காப்பீட்டு அலுவலக மேற்பார்வையாளர். ஞாயிறுகளில், கிடங்குக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் கூடும் ரேஸ் கிளப்பில், 'தங்கக் காது'. மற்றவர்கள் கருவி வைத்து அளப்பதை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டே சொல்லிவிடுவார். இன்று கிளப்பின் தொழில்நுட்ப ஆலோசகருக்குத் தேர்தல். ஆளுக்கொரு சுற்று காரை ஓட்டிக் காட்ட வேண்டும்; பிறகு ஓட்டு. எதிர்த்து நிற்பவர் ஒரு பல் டாக்டர். கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஊசியைத் தொடுகிற ஆசாமி. அவரெல்லாம் ஒரு போட்டியா? தங்கக் காது, பதவிப் பெயரோடு விசிட்டிங் கார்டே அடித்து வைத்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில் மாமனார், கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட கறுப்புக் கண்ணாடியோடு.

"மாப்பிள்ளை, ஓடுற வண்டியைத் தொடாம விட்டா என்ன?"

"நீங்க ரெஸ்ட் எடுங்க மாமா. ஃப்யூயல் கொஞ்சம் தூக்கலா போகுது. சத்தமே சொல்லுதே!"

எரிபொருளைக் குறைக்க ஊசியை எட்டில் ஒரு சுற்று இறுக்கினார். கார் சீறிப் பாய்ந்து, பாதி வழியில் 'வீல்' என்று அலறி நின்றது. பல் டாக்டர் இன்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அது 'சொய்' என்று காணாமல் போனது.

"துணி தேய்க்கலாம் போலிருக்கே சார்."

"தெரிஞ்சுதான் சூடாக்கினேன்," என்று அரைச் சுற்று தளர்த்தினார் தங்கக் காது.

இப்போது கார் தும்மித் தும்மி நகர்ந்தது. பின்னால் புகை மூட்டம்.

"கொசு மருந்து அடிக்கிறீங்களா?" என்றார் கிளப் செயலாளர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"வேகத்துக்கான மேல் ஊசி மேல தப்பே இல்ல. எல்லாம் மெதுவா ஓடுறதுக்கான கீழ் ஊசி பண்ற வேலை."

கீழ் ஊசியைத் திருகியதும், வேகம் குறைத்தாலே அணைந்தது. அணையாமலிருக்க, கார் நிற்கும்போதும் இன்ஜினை ஓடவைக்கும் ஐடில் திருகை ஏற்றினார். இனி அணையவில்லை, நிற்கவும் இல்லை. தரையில் வைத்த மறுகணம், யாரும் ரிமோட்டைத் தொடாமலே கிளம்பிவிட்டது.

"பிடிங்க! பிடிங்க!"

"உங்க வண்டி சார், நீங்க பிடிங்க!"

செயலாளரின் கால்களுக்கிடையே புகுந்து, மேஜைக் காலில் மோதி, ஓட்டுப் பெட்டியாக இருந்த பிஸ்கட் டப்பாவைத் தன் மேலேயே கவிழ்த்துக்கொண்டு மல்லாந்தது. சக்கரங்கள் மட்டும் விடாமல் சுற்றின.

"போன வாரம் வரைக்கும் அம்பு மாதிரி போச்சே. என்ன சார் ஆச்சு உங்க கைக்கு?" என்றார் செயலாளர்.

"காத்துல ஈரப்பதம் ஜாஸ்தி," என்றார் தங்கக் காது, கோப்பைத் தொலைத்துவிட்ட மேலதிகாரியின் நிதானத்தோடு.

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"ஈரமெல்லாம் இல்லைங்க. கடைக்காரர் ஊசியை வெச்சுக் குடுத்த இடத்துல என் பொண்ணோட நெயில் பாலிஷால ஒரு புள்ளி வெச்சிருக்கேன். மாப்பிள்ளை திருகிட்டு ரிமோட் எடுக்கப் போனதும், ஒவ்வொரு வாரமும் நான்தான் பழையபடி அந்தப் புள்ளிக்கே திருப்பி வைப்பேன். இன்னிக்குக் கண்ணு தெரியல."