பத்திரப் பையோடு மலையேறிய விபரம்

கரைத்தீவு,
புத்தளம்.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

கண்ணியமிக்க என் மூத்த சகோதரர் தாஹிர் காக்கா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் நஃபீஸாவும் மகள் அமானியும் சுகமாக இருக்கிறோம். என் இரண்டு முழங்கால்களும் மட்டும் சுகமில்லை, அதன் காரணத்தைக் கீழே விபரமாக எழுதுகிறேன். எருக்கலம்பிட்டியில் நீங்களும் மதினியும் பூரண சுகத்தோடு இருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் "வாயால சொன்னது காத்தோட போயிரும், எழுதி அனுப்பு" என்று முப்பத்தைந்து வருடமாக நீங்கள் சொல்லிவருவதால் எழுதுகிறேன்.

விடயம் அமானியின் வேலை. மலை ஏற வருகிற பெண்கள் குழுக்களுக்கு வழிகாட்டியாகப் போக, கண்டியிலுள்ள ஒரு நிறுவனம் அவளைக் கேட்டிருக்கிறது. வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் தானும் போவதில்லை என்று பிள்ளை என்னிடம் சொல்லிவிட்டாள். நீங்களோ, "கடல் மட்டத்தில பொறந்த புள்ளைக்கு மலையில என்ன வேல? நீயே ஒருக்கா ஏறிப் பாத்திட்டு வேணாண்டு சொல்லு" என்றீர்கள். அந்தக் கட்டளையின் முதல் பாதியைப் போன சனிக்கிழமை நிறைவேற்றினேன். இரண்டாவது பாதியை இக்கடிதத்தின் முடிவில் நிறைவேற்றுகிறேன்.

எந்த மலைப்பாதை என்று தெரிவு செய்கிற பொறுப்பை அமானி என்னிடமே விட்டாள். தன் கைத்தொலைபேசியில் மூன்று பாதைகளைக் காட்டினாள், மூன்றும் நக்கிள்ஸ் மலைப்பக்கம். முதலாவது பதினான்கு கிலோமீட்டர், தேயிலைத் தோட்டமும் நீர்வீழ்ச்சியும் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சுற்றிப் போகிற பாதை. இரண்டாவது ஒன்பது. மூன்றாவது இரண்டே முக்கால் கிலோமீட்டர்தான். காக்கா, உப்பளத்தில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தவன் நான், பாத்தி வரப்புகளில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீட்டர் நடந்தவன். இரண்டே முக்கால் கிலோமீட்டர் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வருகிற தூரம், நான் சுபஹுத் தொழுதுவிட்டு விடியுமுன்னமே முடித்துவிடுவேன். உயரம் இவ்வளவு என்று பக்கத்தில் இன்னொரு கணக்கும் போட்டிருந்தார்கள். அதை நான் பார்க்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் உயரமான சாமான் என்றால் கிடுகால் மூடிவைத்த உப்புக் கும்பம்தான், அதில் ஏறி இறங்க இரண்டு நிமிடம் போதும். "மூண்டாவது" என்றேன். அமானி என் முகத்தைப் பார்த்து, "வடிவா யோசிச்சிட்டீங்களா வாப்பா?" என்று கேட்டாள். "இதில யோசிக்க என்ன இருக்கு, கிட்டத்தான?" என்றேன். பிள்ளை மறுகதை கதைக்கவில்லை, அதுதான் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம்.

அடுத்தது பை. வீட்டைவிட்டு ஒரு இரவு வெளியே தங்குவதென்றாலும் குடும்பத்துப் பத்திரமெல்லாம் கூடவே வர வேண்டும் என்று நீங்கள் போட்ட சட்டத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. தொண்ணூறாம் ஆண்டு எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டப்பட்டு, கற்பிட்டிக் கரையில் வெறுங்கையோடு இறங்கிய நாங்கள் இன்னார்தான் என்று நிரூபிக்க, பதினொரு வருடம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர் நீங்கள். அது எனக்கு மறக்காது. எனவே எருக்கலம்பிட்டிக் காணி உறுதி, என் நிக்காஹ் பத்திரம், பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், உம்மாவின் பழைய அரிசிக் கூப்பன் அட்டை, என் ஓய்வூதியக் காகிதங்கள் எல்லாம் அடங்கிய அந்தக் கறுப்புப் பையை அலுமாரியிலிருந்து எடுத்தேன். இடம் இருந்தபடியால் இரண்டு கிலோ உப்பும் வைத்தேன், நம் ஊர்ச் சாமான் இல்லாமல் வெளியூருக்கு எப்படிப் போவது? நஃபீஸா, "நான் கீழ இருந்து துஆச் செய்றன்" என்று சொல்லி வீட்டிலேயே நின்றுவிட்டாள். முந்தலிலிருந்து வாடகை வான் கொண்டுவந்த ஜெயந்தன் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நானா, மலைக்குப் போறீங்களா, வெளிநாட்டுக்குப் போறீங்களா?" என்றான். சாரதியோடு என்ன கதை, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளி பின்னேரம் போய் மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் தங்கி, சனி காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கினோம். முதல் நூறு அடிவரைக்கும் பாதை சமமாகத்தான் இருந்தது, நானும் சலவாத்து ஓதிக்கொண்டு கையை வீசி நடந்தேன், பிறகு பாதை திடீரென்று எழும்பி நின்றது காக்கா, எழும்பியது எழும்பியதுதான், பிறகு அது குந்தவே இல்லை, ஒரு கல்லில் காலை வைத்தால் அடுத்த கல் நெஞ்சுக்கு நேரே இருக்கிறது, வேரைப் பிடித்தால் வேர் கையோடு வருகிறது, நானோ உப்பளத்து றப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன், அது சேற்றில் நிற்கும், பாறையில் நிற்காது. அமானி முன்னுக்குப் போய்ப் போய்த் திரும்பி, "கால முழுசா வெய்ங்க, விரல்ல நிக்க வேணாம், அவசரம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "அந்தப் பையத் தாங்க வாப்பா" என்று நாலு தரம் கேட்டாள். "ஏலாது" என்று நாலு தரமும் சொன்னேன். அரைக் கிலோமீட்டருக்குள் ஒன்பது தரம் இருந்து எழும்பினேன் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓடை வந்தது, அதோடு அட்டையும் வந்தது. கண்டியிலிருந்து வந்த ஆசிரியைமார் நாலு பேர் அந்த இடத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள், காலெல்லாம் இரத்தம். அப்போதுதான் காக்கா, அல்லாஹ் என் கையால் அந்த இரண்டு கிலோ உப்பையும் எடுக்கவைத்த காரணம் விளங்கியது. பையைக் கல்லில் வைத்து, உப்பை எடுத்து, ஒவ்வொரு கிள்ளு போட்டேன், அட்டைகள் பொலபொலவென்று விழுந்தன. ஆசிரியைமார் என்னைப் பெரிய வைத்தியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். புத்தளத்து உப்பு எப்படி விளைகிறது, எந்தக் காற்றில் பூக்கும், உப்பை வாரியெடுக்கிற முதல் வாரலுக்கும் இரண்டாம் வாரலுக்கும் என்ன வித்தியாசம் என்று நடந்துகொண்டே விளக்கினேன். அந்தப் பெருமையில் உச்சி வந்ததே தெரியவில்லை. தோளும் லேசாகத்தான் இருந்தது, அது ஏன் லேசாக இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

உச்சியில் நின்று மேற்குப் பக்கம் எங்கள் களப்புத் தண்ணீர் தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை, பச்சையும் மேகமும்தான். அப்போது அமானி, "வாப்பா, பை எங்க?" என்றாள். தோளைத் தடவிப் பார்த்தேன். உறுதி, நிக்காஹ், உம்மாவின் கூப்பன் எல்லாம் ஓடைக் கல்லில். இறங்கப் போனேன், அவள் என் தோளைப் பிடித்து இருத்தினாள். "இந்தக் கல்ல விட்டு அசையக் கூடாது. டீச்சர்மாரும் இங்கயே இருங்க. இருவது நிமிசத்தில வாறன்." இருபத்தாறு வருடத்தில் அவள் எனக்குக் கட்டளை போட்டது அதுதான் முதல் தடவை, நானும் இருந்துவிட்டேன்.

அவள் இறங்கி ஐந்து நிமிடத்தில் பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடியது. பக்கத்திலிருந்த ஆசிரியையின் குடை மட்டும் தெரிந்தது. முதல் பத்து நிமிடம் உறுதியைத்தான் நினைத்தேன் காக்கா, உண்மையைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு உறுதி நினைவில் இல்லை. அந்தச் செங்குத்தில் என் பிள்ளை தனியே போகிறாள், நான் அனுப்பியிருக்கிறேன், எதற்கு, காகிதத்துக்கு. எழும்பி நின்று, "பை வேணாம் மகள், நீ வா! பை போனாப் போகட்டும்!" என்று கத்தினேன். மலை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. அழுதும் விட்டேன். ஆசிரியைமார் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

சொன்னபடி இருபது நிமிடத்தில் மூட்டத்துக்குள்ளிருந்து அவள் வந்தாள், பை முதுகில், தண்ணீர் சொட்டுகிறது. கல்லிலிருந்து வழுக்கி ஓடைக்குள் விழுந்து கிடந்ததாம். "கத்தினது கேட்டிச்சு வாப்பா. ஆனா பெரிய வாப்பா பையக் கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?" என்றாள். பையைத் திறந்தேன். உள்ளே பத்திரமெல்லாம் தண்ணீர் புகாத ஓர் உறைக்குள், வாய் இறுக்கிக் கட்டியபடி, ஒரு துளி ஈரமில்லாமல் இருந்தன. "எப்ப வெச்ச?" "நீங்க மூண்டாவது பாதையத் தெரிவு செஞ்ச அண்டைக்கே. நீங்க இதத் தூக்காம வர மாட்டீங்க, இதோட ஓடையத் தாண்டவும் ஏலாது எண்டு தெரியும்." பிறகு பிளாஸ்கிலிருந்து இஞ்சிப் பிளேன்டீ ஊற்றித் தந்தாள்.

இறங்கியதை எழுத வேண்டாம். ஏறும்போது நெஞ்சு நொந்தது, இறங்கும்போது மற்றதெல்லாம் நொந்தது. வானுக்குள் என்னைத் தூக்கி இருத்திய ஜெயந்தன், "விசா கிடைச்சுதா நானா?" என்றான். பையை இறுக்கி அணைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஆறு நாளாக நஃபீஸா எண்ணெய் பூசுகிறாள், ருகூஉக்குக் குனிய முடியாமல் கதிரையில் இருந்து தொழுகிறேன்.

ஆகவே காக்கா, நன்றாக ஆராய்ந்து பார்த்ததில் மலை செங்குத்து, கல் வழுக்குகிறது, அட்டை கடிக்கிறது, மூட்டம் சொல்லாமல் வருகிறது. குடும்பத்துப் பெண்பிள்ளைக்குப் பொருத்தமான இடமாக அதைச் சொல்ல முடியாது. உங்கள் கட்டளைப்படியே வேண்டாம் என்று திங்கட்கிழமை சொல்லச் சொல்கிறேன். உங்கள் வாயால் வேண்டாம் என்று வந்தது எங்கள் வீட்டில் ஒருநாளும் வேண்டும் என்று ஆனதில்லை. மதினிக்கு நஃபீஸாவின் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், குறிப்பாக நல்ல முழங்கால்களையும் தந்தருள்வானாக.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தம்பி
ஹமீட்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுமுன் பத்திரப் பையை அலுமாரியில் வைக்கப் போனேன். எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், காணி உறுதிக்கும் என் நிக்காஹ் பத்திரத்துக்கும் நடுவில் ஒரு புதுக் காகிதம் இருந்தது. அமானி வழிகாட்டிப் பரீட்சையில் சித்தியடைந்த சான்றிதழ். போன வருடமே வந்திருக்கிறது, எங்களிடம் சொல்லக்கூட இல்லை. அதை எடுத்து வெளியே வைக்கத்தான் நினைத்தேன் காக்கா, கை வரவில்லை. அந்தப் பைக்குள் போன எதையும் இந்தக் குடும்பம் விட்டுக்கொடுக்காது என்பதும் நீங்கள் போட்ட சட்டம்தான். ஆகவே மேலே எழுதிய முடிவைப் படிக்காமல் விடுங்கள். திங்கள்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே ஓம், வருகிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டேன், உள்ளே தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்குக் கேட்கிறது. பாடசாலை விடுமுறைக்கு நீங்களும் மதினியும் வர வேண்டும், அந்தப் பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையில் போவோம், அது மெதுவானதாம். பூட்ஸ் வேண்டாம். உங்கள் பையைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். அமானி உங்களுக்கும் ஓர் உறை எடுத்து வைத்திருக்கிறாள்.