வீடு பார்க்க வருகிறவர்கள்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமனார் சொல்லச் சொல்ல மாடியில் குடியிருக்கும் தையல்காரர் எழுதுவது. உங்கள் உடம்பும் என் மகள் உடம்பும் பேரப்பிள்ளைகள் உடம்பும் நலமாக இருக்க வேண்டும். என் உடம்பும் நலம்தான். மனசைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் மாற்றலாகி வரும்வரை வீடு கைநழுவாமல் போய் இருங்கள் என்று என்னை அனுப்பினீர்கள். வந்தேன். நீங்கள் சொன்னது போலப் பழைய காலத்துத் தெரு, விடிந்தால் ஓயாத ஜனக்கூட்டம். கட்டில், மேஜை, அலமாரி, சாய்வு நாற்காலி எல்லாம் வீட்டுக்காரருடையவை. சாவி கொடுத்த தரகர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "பெரியவரே, வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார். சாமான்ல ஒரு கீறல் விழுந்தாலும் வேற ஆளுக்கு விட்டுடுவார். அப்பப்போ ஆள் அனுப்பிப் பார்ப்பார்." அன்றிலிருந்து நான் தரையில்தான் படுக்கிறேன். சாப்பாடும் நின்றுகொண்டேதான்.

அப்பப்போ என்றாரா, மறுநாள் காலையிலேயே கும்பலாக வந்துவிட்டார்கள். எனக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் ஒருதரம் பார்த்தது மறக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அலமாரியின் இடது கதவில் உள்ள கீறல் நான் வருமுன்பே இருந்தது, மேஜைமேல் வட்டக் கறை யாரோ சூடான டம்ளர் வைத்தது, கண்ணாடி மூலையில் ரசம் போனது வயசானதால் போனது என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். எல்லோரும் தலையாட்டிக்கொண்டு படம் பிடித்தார்கள். சாட்சிக்குத்தான் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்று, "இந்தக் கட்டில்லதான் ஐயாவோட உயிர் பிரிஞ்சுதா?" என்று கேட்டாள். "இன்னும் பிரியலம்மா, நான் கீழதான் படுக்கிறேன்" என்றேன். அதற்கு ஏன் அப்படி மிரண்டு ஓடினாள் என்று இன்றுவரை விளங்கவில்லை.

இது போதாதென்று நேற்று ஒரு பருத்த மனிதர், "காலு கடுக்குது தாத்தா" என்று சொல்லிக்கொண்டே, நானே உட்காராத சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். மளுக்கென்று அதன் கால் ஒடிந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று காதோடு சொல்லிவிட்டு நழுவிவிட்டார். வீட்டுக்காரர் ஆளே உடைத்துவிட்டு நம் தலையில் பழியைப் போடுகிறார், சூது புரிகிறதா மாப்பிள்ளை? வேறு ஆளுக்கு விட அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. அங்கே இருக்கிற வீட்டையும் காலி செய்து, பள்ளிக்கூடத்தையும் நிறுத்திப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நீங்கள் இந்தத் தெருவில் நிற்கக் கூடாது. கடிதம் கண்டதும் வேறு வீடு பாருங்கள். "அப்பாவுக்கு ஒரு வீட்டைப் பார்த்துக்கக்கூடத் தெரியாதா?" என்று என் மகள் பொரிவாள். பொரிந்து முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

எல்லோரும் எங்கே இருந்தாலும் சொந்தக் கூரைக்குக் கீழே சுகமாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார் (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே சொன்னதெல்லாம் ரத்து. நான் கைநாட்டு வைக்கும்வரை பொறுத்திருந்த தையல்காரர் இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "பெரியவரே, அவங்க வீட்டுக்காரர் ஆளுங்க இல்ல. பக்கத்து வீட்டுல ஒரு பெரிய வைத்தியர் இருந்து செத்து எந்தக் காலமோ ஆச்சு. அவர் பொழங்குன சாமானை அப்படியே வச்சு, டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க. ரெண்டு கதவும் ஒரே மாதிரி. நீங்க கதவைத் தொறந்து போட்டா வரத்தான் செய்வாங்க" என்கிறார். எனக்குப் போன உயிர் வந்தது. நாற்காலிக் காலையும் அவரே ஒட்டித் தருகிறாராம். ஆகவே தைரியமாகக் கிளம்பி வாருங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உள்ளே நுழைந்து அலமாரியைத் தடவினார். இந்த முறை நான் ஏமாறவில்லை. "பக்கத்துக் கதவு, போங்க" என்றேன். "இது என் வீடுங்க" என்றார். "அதெல்லாம் இருக்கட்டும், டிக்கெட் வாங்கிட்டுப் போய்ப் பாருங்க" என்று தோளைப் பிடித்து வெளியே விட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த தையல்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டார். வந்தவர்தான் வீட்டுக்காரராம். பாவம், ரொம்ப நாள் கழித்து வந்தவருக்கு அவர் வீட்டின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து வீட்டு வரிசையில் டிக்கெட்டுக்கு நிற்கிறார். அவரைக் கூட்டிவரத் தையல்காரர் போயாக வேண்டும், அதனால் முடிக்கிறேன். நீங்கள் பெட்டிகளைக் கட்டுங்கள் மாப்பிள்ளை. வண்டியில் மட்டும் ஏற்ற வேண்டாம்.