இன்னொரு தடவை அக்கா

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில், எதையும் ஒரே தடவையில் நம்பாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் நான் தட்டச்சராக இருந்த அரசு அலுவலகத்தின் பரிசோதனைக்கூடத்தில் அவர் வேலை பார்த்தார். பினாயில் மாதிரியான கிருமிநாசினிகளில் புதிதாக எந்த ரசாயனம் சேர்ப்பதானாலும் அவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் முடிந்து பேனாவைத் திறந்த பிறகு, “இன்னொரு தடவ பாத்துருவோம்” என்பார். ‘இன்னொரு தடவை அக்கா’ என்றே அவருக்குப் பெயராகிவிட்டது.

டவுண் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் ஒரு தடவை, டிரைவரிடம் ஒரு தடவை, பஸ் எந்த ஊர் போகும் என்று கேட்பார். அவரைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை மூன்று தடவை வரவழைத்தார் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வார்கள். மாப்பிள்ளை மூன்று தடவையும் வந்தார் என்பதுதான் ஆச்சரியம்.

ஒருநாள் திருநெல்வேலி டவுணில் பினாயில் தயாரிக்கும் அண்ணாச்சி ஒருவர் புது மருந்தோடு வந்தார். மூடியைத் திறந்ததும் அறை முழுக்க மல்லிகைப்பூ மணம். அரசு பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று அதை வாங்கத் தயாராக இருந்தது. அனுமதி மட்டும்தான் பாக்கி.

“எப்படி மணக்கு பாத்தியளா?” என்றார் அண்ணாச்சி.

“கிருமிக்கு மூக்கு கெடையாது அண்ணாச்சி” என்றார் அக்கா.

முதல் சோதனையில் கிருமிகள் ஒன்றுவிடாமல் செத்தன. கோப்பு என் மேஜைக்கு வரும் என்று தாளைச் சொருகி வைத்தேன். அக்காவைக் காணோம். பஸ் பிடித்து அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்கே போய்விட்டிருந்தார். ஆய்வகத்துச் சுத்தத் தண்ணீரில் கொல்லும் மருந்து, அழுக்குத் தண்ணீரிலும் கொல்லுமா என்று அவருக்குச் சந்தேகம். வார்டைத் துடைத்த வாளித் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு திரும்பும்போது, கண்டக்டர் பாட்டிலில் என்ன என்று கேட்டிருக்கிறார். அக்கா உள்ளதைச் சொன்னார். ஜங்ஷன் வரும்வரை முன்னும் பின்னும் ரெண்டு வரிசையில் யாரும் உட்காரவில்லை.

அந்தத் தண்ணீரில் கலந்ததும் மல்லிகைப்பூ மருந்து படுத்துவிட்டது. கிருமிகள் சௌக்கியமாக இருந்தன. அண்ணாச்சி கொதித்துப் போய் மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு மனுப் போட்டார். எங்கள் அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு, ஒரு தடவை தேறியது போதாதா, மேலேயிருந்து கேட்கிறார்களே என்று சலித்துக்கொண்டார். அக்கா சுத்தத் தண்ணீரில் சோதித்தது ஒன்றும் வாளித் தண்ணீரில் சோதித்தது ஒன்றுமாக இரண்டு கண்ணாடிக் குழாய்களை அவர் மேஜைமேல் வைத்தார்.

“தெளிவா இருக்கதுல கிருமி செத்துட்டு. கலங்கி இருக்கதுல உசுரோட இருக்கு சார். பிள்ள பெத்தவ அந்தத் தரையிலதான் வெறுங்காலோட நடப்பா.”

அதிகாரி தன் டீ டம்ளரைப் பைய மேஜையின் மறு ஓரத்துக்கு நகர்த்தினார். கோப்பில் ‘அனுமதி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணாச்சி ஆறு தடவை மருந்தை மாற்றி மாற்றிக் கொண்டுவந்தார். ஆறு தடவையும் அக்கா பஸ் ஏறி வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். கடைசியில் ஒன்று தேறியது. அதற்கும் ஒரு நிபந்தனை: தரையை முதலில் கழுவிவிட்டுத்தான் மருந்தை ஊற்ற வேண்டும் என்று லேபிளில் பெரிய எழுத்தில் போட வேண்டும். இவ்வளவு படித்து எவன் வாங்குவான் என்று அண்ணாச்சி அலுத்துக்கொண்டார். ஆனாலும் போட்டார். ஆஸ்பத்திரி வாங்கியது. பிறகு அவர் கடைக்கு யார் போனாலும், “அந்த அம்மா கையெழுத்துப் போட்ட சரக்கு வே இது” என்று அவரே பெருமையடிக்க ஆரம்பித்தார்.

இரண்டு வருடம் கழித்து அக்காவுக்குப் பதவி உயர்வோடு மெட்ராஸுக்கு மாற்றல் வந்தது. அவரை விடுவிக்கும் உத்தரவை நான்தான் அடிக்க வேண்டியிருந்தது. மொத்தம் நாலே வரி. தப்புத் தப்பாக அடித்து ஏழு தாள் வீணானது.