மூன்றாவதாக எழுதிய உணவகம்

படிவங்கள் சீரமைப்புத் துறையின் இயக்குநர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை திரும்பி வந்தார். பதினொரு மணிக்கு ஊழியர்கள் அனைவரும் இனி நெகிழ்வாக இருக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை மேஜை மேஜையாக வந்து சேர்ந்தது. வரும் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை, ஊழியர்கள் தத்தம் துணையுடன், நகரத்தில் ஏதேனும் ஒரு சாதாரண உணவகத்தில் முறைசாரா வகையில் கூடி மகிழ வேண்டும். வருகை அவரவர் விருப்பம். விருப்பமில்லாதவர்கள் அதற்கான காரணத்தை இரண்டு நகல்களில் தெரிவிக்கவும். சாதாரண உடை கட்டாயம்.

உணவகத்தைத் தேர்ந்தெடுத்துக் கோப்பு வைக்கும் பொறுப்பு தலைமை எழுத்தரிடம் வந்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரர் அவர், சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொண்டார். அதற்குக் காரணம் அவர் மனைவி.

வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட வைப்பதாக அவர் மனைவிக்கு வாக்குக் கொடுத்துப் பதினோரு வெள்ளிக்கிழமைகள் ஆகியிருந்தன. ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நாலு உணவகங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை காலையில் ஐந்தாவது ஒன்று கண்ணில் படும். சாயங்காலம் ஒப்பீடு முடிவுபெறாத நிலையில் இருக்கும். அம்மணி வீட்டிலேயே அடுப்பு மூட்டுவாள். இருபத்தெட்டு வருஷமாகப் பிறர் முடிவெடுக்க வசதி செய்து கொடுத்தே பழகியவர், தானாக ஒரு முடிவு எடுக்கத் தெரியாதவராகிவிட்டாரோ என்று அவருக்கே சில சமயம் தோன்றும். அதைப் பற்றியும் அவர் முடிவுக்கு வரவில்லை.

சுற்றறிக்கை விஷயத்தைச் சொன்னதும் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"எந்தக் கடைன்னு நான் கேக்கல. ஒருத்தர் தட்டைக் கொண்டுவந்து என் முன்னால வைக்கணும். நடுவுல நான் எழுந்து போகக் கூடாது. நீங்க எதிர்ல உக்காந்து சாப்பிடணும். அவ்வளவுதான். இதுவும் இல்லைன்னா, இனிமே நான் கேக்கறதா இல்ல."

கடைசி வாக்கியத்தை அவள் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவருக்குப் பயம் வந்திருக்காது.

அந்தத் துறையில் எந்தக் கோப்பானாலும் மூன்று யோசனைகளோடுதான் மேலே போகும். முதலாவது, அளவுக்கு மீறி நன்றாக இருக்கும். அதை ஆடம்பரம் என்று நிராகரிப்பதில் அதிகாரிக்கு ஒரு திருப்தி. இரண்டாவதுதான் நடக்க வேண்டியது. மூன்றாவது, புத்தியுள்ள எவனும் தொட மாட்டாத ஒன்று; இரண்டாவதைத் தூக்கிக் காட்டுவதற்காகச் சேர்ப்பது. அலுவலகத்தில் அதற்குத் 'துணைக்கு ஒன்று' என்று பெயர். தலைமை எழுத்தர் முதலாவதாக ஆற்றோரத்து நட்சத்திர ஓட்டலை எழுதினார். இரண்டாவதாக, அலுவலகத்துக்குப் பின்தெருவில் முப்பது பேர் தாராளமாக உட்காரக்கூடிய ஒரு நல்ல உணவகம். துணைக்கு ஒன்று அகப்படாமல் யோசித்தபோது, தினமும் பஸ்ஸில் வரும்போது கண்ணில் படும் ஒரு கடை ஞாபகம் வந்தது. எட்டு மாசமாக ஷட்டர் இறக்கியே கிடக்கிறது. பலகை மட்டும் தொங்குகிறது. அதை எழுதினார்.

எழுதியதோடு விட்டிருக்கலாம். விதிப்படி, மூன்றுக்கும் மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். போன வருஷம் அந்தப் படிவத்தை வடிவமைத்துப் பாராட்டு வாங்கியவரே அவர்தான். கடந்த ஆறு மாதத்தில் வந்த புகார்கள்: இல்லை. இரைச்சல்: இல்லை. நெரிசல்: இல்லை. ஊழியர் மரியாதைக் குறைவு: நிகழவில்லை. வாகனம் நிறுத்த இடம்: தாராளம். மூடிய கடை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கியது. பின்தெரு உணவகம் அறுபத்தொன்றோடு நின்றது. கடை திறந்திருக்கிறதா என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை; புதிதாக ஒரு கட்டம் சேர்க்க ஐவர் குழு கூட வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று, நாலாம் பக்கத்தில் 'குறிப்பு' என்ற இடத்தில், 'தற்சமயம் மூடப்பட்டுள்ளது' என்று எழுதி வைத்தார்.

புதன்கிழமை கோப்பு இறங்கியது. மூன்றாவதற்கு நேரே இயக்குநரின் பச்சை மைக் கையெழுத்து.

தட்டச்சு செய்யும் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "மூணாவதா சுடுகாடுன்னு எழுதியிருந்தா நூத்துக்கு நூறு வாங்கியிருக்கும், சார்," என்றார்.

தலைமை எழுத்தர் இயக்குநர் அறைக்கு ஓடினார். இயக்குநர் காலரில்லாத சட்டையும் ஓட்டக்காரர்கள் போடும் காலணியும் அணிந்து, நாற்காலிக்குப் பதிலாக ஒரு பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அதுவும் பயிற்சியில் சொன்னதுதான். பந்து நகராமல் இருக்க ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தக் கடை மூடிக் கிடக்குதுங்க."

"எப்ப திறப்பாங்க?"

"தெரியலீங்க."

"அப்ப, வெள்ளிக்கிழமை திறக்க மாட்டாங்கன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

தலைமை எழுத்தர் யோசித்தார். இனிமேல் நடக்கப் போவதற்கு அவர் எந்த ஆதாரத்தைக் காட்டுவார்? அப்படி எழுதிக் கொடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். கடை திறக்காது என்று முன்கூட்டியே நினைப்பதுதான் பழைய மனோபாவம், அதிலிருந்து விடுபடவே இத்தனை ஏற்பாடும் என்று இயக்குநர் எடுத்துச் சொன்னார். பேச்சு முடிந்து வெளியே வரும்போது, தான் தோற்றது நியாயத்திடமா ரப்பர் பந்திடமா என்பது தலைமை எழுத்தருக்குப் பிடிபடவில்லை. வீட்டில் அவர் எதையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கடை திறந்துவிட்டால், சொன்னது வீணாகிவிடும் அல்லவா?

வெள்ளிக்கிழமை மனைவி மத்தியானம் பாதி வயிறுதான் சாப்பிட்டாள். பெட்டியின் அடியிலிருந்து நல்ல உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டாள்.

ஏழு மணிக்கு முப்பது பேர் மூடிய ஷட்டருக்கு முன்னால் சாதாரண உடையில் விறைப்பாக நின்றார்கள். இயக்குநர் வருகைப் பட்டியலில் கையெழுத்து வாங்கினார். பிறகு ஷட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவசரப்படுவது நெகிழ்வுக்கு விரோதம் என்றார். நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள் என்று போக்குவரத்துக் காவலர் அதட்டவே, எல்லோரும் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசைதான் வினையாயிற்று.

கொஞ்ச நேரத்தில் ஓர் இளம் ஜோடி வந்து கடைசியில் சேர்ந்துகொண்டது. என்ன கடை இது, சாப்பாடு எப்படி என்று அந்தப் பெண் விசாரித்தாள். தட்டச்சு அம்மாள் முகம் மாறாமல், "இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்லம்மா," என்றார். அவர்களுக்குப் பின்னால் நாலு பேர். அதற்கும் பின்னால் ஒரு நண்பர் கூட்டம். விளக்கு இல்லாத பலகை, அறிவிப்பு இல்லை, முன்பதிவு இல்லை, யாரையும் லேசில் உள்ளே விடுவதில்லை என்று ஒருவன் தன் முகத்தைத் தானே கைபேசியில் படம் பிடித்தபடி உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஏழரை மணிக்கு வரிசை தெருமுனையைத் திரும்பியது. இயக்குநர் திரும்பிப் பார்த்து, படிவம் பொய் சொல்லாது என்றார்.

தலைமை எழுத்தரின் மனைவி மட்டும் ஷட்டரின் பூட்டைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"பூட்டுல சிலந்தி வலை கட்டியிருக்கு."

"ஆமா."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"குறிப்புல எழுதியிருக்கேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். அங்கே ஆறு மேஜைகள் கொண்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை, கண்ணாடியில் ஆவி படிந்து, சத்தமில்லாமல் திறந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒருவர் வந்து அவள் முன்னால் தட்டு வைத்தார். அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, எதிர் நாற்காலியை விரலால் சுட்டிக் காட்டினாள்.

நடந்தால் இருபது எட்டுத் தூரம் இருக்கும். தலைமை எழுத்தர் ஓர் எட்டு எடுத்தும் வைத்தார். இயக்குநர் என்ன நினைப்பார் என்றுகூட அவர் அப்போது நினைக்கவில்லை. பின்னால் நின்றவர்தான் மெதுவாக அவர் தோளைத் தொட்டார்.

"போறீங்களா சார்? போறதுன்னா சொல்லுங்க, உங்க இடத்துக்கு நான் வந்துக்கறேன்."

தலைமை எழுத்தர் திரும்பிப் பார்த்தார். அவருக்கு முன்னால் ஆறே பேர். பின்னால் நூறு பேருக்குக் குறையாது. எல்லோர் கண்ணும் அவருடைய அந்த ஓர் அடி இடத்தின் மேல். உள்ளே ஒன்றுமில்லை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வரிசையிலேயே கிடையாது. இருந்தாலும், இத்தனை பேர் கேட்கும் ஒன்றை எப்படி விட்டுக்கொடுப்பது?

"போகலீங்க," என்று சொல்லிவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு இயக்குநர் நிகழ்ச்சி இனிதே நிறைவுற்றதாக அறிவித்தார். துறையினர் விலகியதும், பின்னால் இருந்தவர்கள் முப்பது இடம் முன்னேறிவிட்ட மகிழ்ச்சியில் கைதட்டினார்கள். எதிர்க்கடையிலிருந்து மனைவி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது. பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்கும்போது, அந்த எதிர் நாற்காலி கடைசிவரை காலியாகவா இருந்தது என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் ஒருத்தர் வந்து, உக்காரலாமான்னு கேட்டார். அந்த மூடின கடைக்கு அவர்தான் முதலாளியாம். யாரும் வராம, ஈ ஓட்டி ஓட்டி அலுத்துப்போய் மூடிட்டாராம். இப்ப தினமும் இங்கதான் சாப்பாடு."

தலைமை எழுத்தர் நின்றுவிட்டார். "இவ்வளவு கூட்டத்தைப் பார்த்தாரா? திறக்கப் போறாராமா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். திறந்தா இவங்க எல்லாரும் போயிடுவாங்கம்மான்னார்." அவள் நடந்துகொண்டே சொன்னாள். "நல்லாப் பேசறார். அடுத்த வெள்ளிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கார். உங்களுக்குத்தான் எப்படியும் வரிசை இருக்கே."