முயல்குட்டி நலமாக உள்ளார்

"பிரேக்கை மிதிங்க!" என்று டிரைவிங் தேர்வாளர் கத்தியபோது, கார் ஏற்கெனவே இரண்டு கம்பங்களைச் சாய்த்துவிட்டு மூன்றாவதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஒருவழியாக நின்றது. லைசென்ஸ் டெஸ்டுக்கு வந்திருந்த பெண்மணி, பயப்பட வேண்டிய இடத்தில் சிரித்தாள்.

"இன்னொரு தடவை ஓட்டிக் காட்டட்டுமா, முயல்குட்டி சார்?"

தேர்வாளருக்குக் காது அடைத்துக்கொண்டது. இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவர் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாலே பலருக்கு கிளட்ச் எந்தக் காலில் இருக்கிறது என்று மறந்துபோகும். அவருடைய மார்க் போடும் அட்டையில் நூல் கட்டித் தொங்கும் சிவப்புப் பேனாவால் பெயிலானவர்களை வரிசையாக நிறுத்தினால் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். அவரைப் போய் ஒருத்தி முயல்குட்டி என்கிறாள்!

"என்ன சொன்னீங்க?"

"கோவிச்சுக்காதீங்க சார். உங்க வீட்டம்மா எழுதறதை நான் ஒண்ணு விடாம படிப்பேன்" என்று போனை நீட்டினாள்.

'முயல்குட்டியும் நானும்' என்று அந்தப் பக்கத்துக்குப் பெயர். முப்பதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். யாருடைய பெயரும் இல்லை, முகமும் இல்லை. முந்தாநாள் போட்ட படத்தில் மட்டும், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் அவருடைய அட்டை, நூல் கட்டிய சிவப்புப் பேனா. கீழே ஒரு வரி: 'என் புஜ்ஜு முயல்குட்டி வேலைக்குக் கிளம்பிடுச்சு. சாயங்காலம் வரைக்கும் நான் எப்படி இருக்கப்போறேனோ!'

அந்தப் பேனாவை ஆயுளுக்கும் மறக்காதவர்கள் ஊரில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அதில் ஒருவன் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு முயல் படம் போட்டுக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை தலைமைத் தேர்வாளர் பதவிக்கு நேர்முகம். எட்டு வருடமாக அவர் கண் வைத்திருக்கும் நாற்காலி அது. அதில் ஒரு முயல்குட்டியை யார் உட்கார வைப்பார்கள்?

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"முயல்குட்டியாம், முயல்குட்டி! நான் என்ன கேரட்டா தின்னுக்கிட்டு இருக்கேன்?"

மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலரைத் திருப்பினாள்.

"யாரு பேரையும் போடலையே."

"என் பேனாவைப் போட்டிருக்கியே! அது என்ன புஜ்ஜு? எந்த அகராதியில இருக்கு?"

"அர்த்தமெல்லாம் கிடையாது. ஆசையா கூப்பிடறதுதான்."

"ஆசையா கூப்பிடறவ வீட்டுல ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருக்கியா? 'ஏங்க, குழாய் ஒழுகுது', 'ஏங்க, பல்பு போயிடுச்சு'. இதைத் தவிர என்ன கூப்பிட்டிருக்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இனிமே ஒரு எழுத்து எழுதக்கூடாது. புரிஞ்சுதா?"

"சரி."

அவ்வளவுதான். கொஞ்சம் அறிவிருந்தால் அந்த 'சரி' உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஜெயிப்பது என்றால் அவருக்கு வெல்லம். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை, தேர்வு மைதானத்து வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். டெஸ்டுக்கு வந்தவர்களாக்கும் என்று நினைத்து, "பேப்பரை எல்லாம் கையில எடுத்து வச்சுக்கோங்க" என்றார்.

"அக்கா எங்கே?"

"எந்த அக்கா?"

"முயல்குட்டி அக்கா. மூணு நாளா ஒரு வார்த்தை எழுதலை. போனைப் பிடுங்கி வச்சுக்கிட்டீங்களா?"

"அது எங்க குடும்ப விஷயம்!"

மத்தியானத்துக்குள், அவர் முறைத்துக்கொண்டு 'அது எங்க குடும்ப விஷயம்' என்று சொல்லும் காட்சியை நாற்பதாயிரம் பேர் பார்த்தாயிற்று. மேலதிகாரியும் பார்த்தாயிற்று.

"உட்காருங்க. வீட்டுல அவங்க நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க சார்."

"நீங்க முயல்குட்டியா இருக்கறதுல ஆபீசுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. என்னை வீட்டுல என்னன்னு கூப்பிடுவாங்கன்னு தெரிஞ்சா நீங்க எனக்கு வணக்கம் வைக்கவே மாட்டீங்க. ஆனா, பொண்டாட்டி வாயை அடைச்சவர்னு பேர் வந்துடுச்சுன்னா வெள்ளிக்கிழமை என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இன்னைக்கே சரி பண்ணுங்க."

வெளியே வந்ததும் மனைவிக்கு போன் போட்டார். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள்.

"உடனே ஒண்ணு எழுதிப் போடு."

"நீங்கதானே எழுதக்கூடாதுன்னீங்க?"

"இப்ப நான்தான் எழுதச் சொல்றேன்."

"எனக்கு வரலைங்க."

"வரலைன்னா?"

"வரலை. பாஸ்வேர்டு அனுப்பறேன், நீங்களே எழுதிக்கோங்க."

எழுதினார். டெஸ்ட் காருக்குள் உட்கார்ந்து வியர்க்க விறுவிறுக்க எழுதினார். இருபத்திரண்டு வருடமாக அறிக்கை மட்டுமே எழுதிய கை.

'இதன் மூலம் அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில், மேற்படி முயல்குட்டி நலமாக உள்ளார். அவரது மனைவியும் நலமாக உள்ளார். வதந்திகளை நம்ப வேண்டாம்.'

அரை நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. 'இது அக்கா எழுதினது இல்லை.' 'அக்கா, நீங்க ஆபத்துல இருந்தா ஒரு பூ போடுங்க, நாங்க புரிஞ்சுக்கறோம்.' அவர் பதில்களைப் படிக்கவில்லை. எழுதியதில் பாசம் கொஞ்சம் குறைகிறதோ என்று தோன்றியதால், கீழே ஒரு ரோஜாப்பூவைச் சேர்த்தார்.

அரை மணி நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் கண்ணாடிக் கடைக்குப் போய், அவர் மனைவி உயிரோடு இருக்கிறாளா என்று நேரில் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இனி அவள் எழுதுகிற மாதிரியே எழுதினால்தான் தப்பிக்க முடியும். அதற்கு முதலில் அவள் எழுதியதைப் படித்தாக வேண்டும். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவள் சொன்னதை அவர் முதல் வரியிலிருந்து கவனித்தது அன்றைக்குத்தான்.

'திடீர்னு மழை. முயல்குட்டி குடையோட பஸ் ஸ்டாப்புக்கே வந்துடுச்சு.' எந்த மழை? அவருக்கு ஞாபகம் இல்லை.

'கடையில நடந்த கதையெல்லாம் சொன்னேன். நடுவுல போனை எடுக்காம கேட்டுச்சு. சிரிக்க வேண்டிய இடத்துல சரியா சிரிச்சுது.' எந்தக் கதை?

'எனக்குக் காய்ச்சல். முயல்குட்டி லீவு போட்டுட்டு நெத்தியில ஈரத்துணி மாத்திக்கிட்டே இருந்துச்சு.' அந்தக் காய்ச்சல் மட்டும் ஞாபகம் இருந்தது. "மாத்திரை போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, தனக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனவர் அவர். மறுநாள் வழக்கம்போல ஆபீசுக்கும் போனார்.

வேறு மனுஷனாக இருந்தால் இந்த இடத்தில் வெட்கப்பட்டிருப்பான். தேர்வாளர் சந்தேகப்பட்டார். லீவு போட்டவன் எவனோ ஒருவன் இருக்கிறான்! ஊர் கண்ணில் மண்ணைத் தூவத்தான் அட்டையும் பேனாவும். மூன்று நாளைக்கு முன் வேண்டாம் என்று வீசிய பெயர், இன்னொருத்தனுடையது என்றதும் அவருக்கு வேண்டியிருந்தது. புஜ்ஜுவோ கிஜ்ஜுவோ, அது தானாகவே இருந்திருக்கக் கூடாதா என்று கார் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏங்கினார்.

கடை மூடும் நேரத்துக்கு எதிர்ச்சாரியில் போய் நின்றார். தூறிக்கொண்டிருந்தது. மனைவி வெளியே வந்தாள். பின்னாலேயே அந்தக் கடையில் கண் பரிசோதிப்பவர் வந்தார், கையில் விரித்த குடையோடு. தேர்வாளர் இரண்டு பக்கமும் பார்க்காமல் சாலையைக் கடந்தார். வேறு யாராவது அப்படிக் கடந்திருந்தால் அவரே பெயில் போட்டிருப்பார்.

"எத்தனை நாளாடா நீ முயல்குட்டி?" என்று அந்த மனிதரின் காலரைப் பிடித்தார்.

"நானா? சார், நீங்கதானே முயல்குட்டி?"

"ஆமா, இவர்தான் முயல்குட்டி!" என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. பத்துப் போன்கள் உயர்ந்தன.

"அவரை விடுங்க" என்றாள் மனைவி. "அது என் குடை. ஷட்டரை இறக்கற வரைக்கும் பிடிச்சுக்கச் சொன்னேன்."

குடையை வாங்கிக்கொண்டாள். வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் மேலதிகாரியின் போன் வந்தது. "பார்த்தேன். வெள்ளிக்கிழமை நீங்க வர வேண்டாம்."

நாற்காலி போனது. ஆச்சரியம் என்னவென்றால், அது அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வீட்டுக்குப் போக மட்டும் தைரியம் வரவில்லை. மனைவியின் தங்கை நடத்தும் தையல்கடைக்கு நனைந்துகொண்டே நடந்தார். அக்காவும் தங்கையும் நகமும் சதையும் போல. அவளுக்குத் தெரியாமல் எதுவும் இருக்காது.

அவள் ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா, இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? துண்டு எடுத்துக்கோங்க."

அவர் எடுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட உங்க அக்கா எதையும் மறைக்கமாட்டா. சொல்லிடும்மா. யாரு அவன்?"

"எவன்?"

"மழைக்குக் குடை கொண்டு வந்தவன். காய்ச்சலுக்கு லீவு போட்டவன். உட்கார்ந்து அவ பேச்சைக் கேட்டவன். நான் அடிக்கமாட்டேன், திட்டமாட்டேன். ஆளை மட்டும் காட்டு. அவளை விட்டுடச் சொல்லி அவன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

தங்கை மெஷினை நிறுத்தினாள்.

"அப்படி ஒருத்தன் இருந்திருந்தா, அக்கா எப்பவோ அவன்கூடப் போயிருப்பா மாமா."