என் கூறைச்சேலையை அவள் கட்டிப் பார்த்த கதை

தம்பின் பக்கத்துத் தோட்டம், 1943

ரஹாங்கில் வாழும் என் அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா பஞ்சாலை அவர்களுக்குத் தங்கை மயிலம்மாள் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் மரவள்ளிக்கிழங்கின் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் அத்தான், பிள்ளைகள் சுகம் அறிய ஆவல்.

நிற்க. அக்கா, எனக்கு வயிறு எரியுது. பக்கத்து வீட்டு ராக்கம்மா மக செல்லத்துக்கும் ரப்பர் மரத்துல பால்வெட்டுற நல்லசாமிக்கும் அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம். கல்யாணம் ஆகாத பையன்களைத்தான் முதல்ல ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடிக்கிறான்னு பேச்சு, அதான் இந்த அவசரம். கடையில துணி ஏது? தோட்டமே கோணியைச் சுத்திக்கிட்டுத் திரியுது. கூறை இல்லாம தாலி ஏறக்கூடாதுன்னு ராக்கம்மா ஒத்தைக் கால்ல நிக்கிறா. இருக்கிறது என் கல்யாணத்துக்குக் கப்பல்ல வரவழைச்ச அரக்குப் பட்டு ஒண்ணுதான். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து இந்த லயத்து வீடுகள்ல எந்தப் பொண்ணு கழுத்தை நீட்டினாலும் அதைத்தான் கட்டும். மறுநாள் வெத்தலை பாக்கோட எங்கிட்டத் திரும்பி வந்துரும். அதுல எனக்கும் பெருமைதான், இல்லேங்கல.

நேத்து சாயங்காலம் கட்டிப் பார்க்கன்னு செல்லத்தைக் கூட்டிட்டு வந்தாங்க. ரப்பர் மரத்தடியில புதைச்சு வெச்சிருந்த பிஸ்கட் டின்னைத் தோண்டி எடுத்து, சேலையை உதறி, என் கையாலயே கொசுவம் வெச்சு விட்டேன். வெள்ளைக்கல் தோடும் போட்டு விட்டேன். ரவிக்கை தொளதொளன்னு நின்னுச்சு. ஊக்கு ஏது, எலுமிச்சை முள்ளால குத்தி வெச்சேன். ஒரு முள்ளு முதுகுல ஏற, அவ ஐயோன்னு குதிக்க, கொசுவம் அவிழ்ந்து, மறுபடி முதல்லேருந்து கட்டினேன். இவ்வளவும் பொறுத்துக்கிட்டேன் அக்கா. அப்பத்தான் எங்க வீட்டு மனுசன் வேலைக்காட்டுல இருந்து வந்தாரு. வாசல்லயே நின்னுட்டாரு. "அடேயப்பா! இந்தச் சேலை இம்புட்டு அழகுன்னு இன்னிக்குத்தான் தெரியுதுலா!"ன்னாரு. இன்னிக்குத்தானாம்! அப்ப எங்க கல்யாணத்தன்னிக்கு இந்த மனுசன் எதைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு? அன்னிக்கு அவர் என்கிட்ட பேசின ஒரே பேச்சு, ரசத்துல உப்பு கம்மிங்கிறதுதான். கஞ்சிக் கிண்ணத்தை ணங்குன்னு வெச்சேன். "உடம்புக்கு என்ன?"ன்னு கேக்குறாரு. உடம்புக்கா கேடு! ராக்கம்மா வேற, "இவளுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கு மயிலு"ன்னு சொல்லிட்டு, சேலையையும் ரவிக்கையையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டா.

ஆகையால் அக்கா, 'நம்ம வீட்டு விசேஷத்துக்கு அந்தச் சேலை வேண்டும், உடனே அனுப்பி வை' என்று கண்டிப்பாக ஒரு கடுதாசி போடவும். நான் அதைக் காட்டி, "என்ன செய்றது, அக்கா கேட்டுட்டாங்களே"ன்னு கண்ணைக் கசக்கிக்கிறேன். கல்யாணம் தள்ளிப் போனா எனக்கென்ன?

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்குக் கனவிலாவது அரிசிச்சோறு கிடைக்க மாரியாத்தாளை வேண்டிக்கொள்ளும்,
தங்கை மயிலம்மாள்

பி.கு.: அந்தக் கடுதாசி வேண்டாம் அக்கா. காலையில செல்லம் சேலையையும் ரவிக்கையையும் மடிச்சு எடுத்துக்கிட்டு வந்து நின்னா. "நேத்து உங்க முகத்தைப் பார்த்தேன் அத்தை. எனக்கு வேணாம், கோணியே போதும். அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்"னா. காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கும்போது, சயாமுக்கு அனுப்ப நல்லசாமி பேரைக் கேட்டாங்களாம். சொல்லிட்டு, சேலையைத் திண்ணையில வெச்சுட்டுத் திரும்பிட்டா. நான் விடுவேனா? "போடி பைத்தியக்காரி"ன்னு உக்கார வெச்சு, முள்ளையெல்லாம் பிடுங்கிட்டு, அன்னாசி நாரால ரவிக்கையைப் பிடிச்சுத் தெச்சுட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கல, நாளைக்கே தாலி. நானேதான் கட்டி விடப்போறேன். ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டிருக்கேன்: நாளைக்குப் பூரா எங்க வீட்டு மனுசன் கொல்லையில கிழங்கு அவிக்கணும், மணவறைப் பக்கம் தலையைக் காட்டக் கூடாது.