நாற்பது அடி ஆழத்தில் ஒரு ஓட்டம்

கடலுக்கடியில் ஓட முடியாது என்பார்கள். நீந்தலாம், மிதக்கலாம், மணலில் தவழக்கூடச் செய்யலாம், ஆனால் ஓட முடியாதாம். சொன்னவன் எவனும் எங்க ஊர்க்காரன் இல்லை. நான் ஓடியிருக்கிறேன்.

எனக்குத் தாயில்பட்டிப் பக்கம். மழை வந்தால் பட்டாசு காயாது, வேலை கிடையாது என்று மேகம் கூடினாலே முகத்தைச் சுளிக்கிற ஊர். இந்த லட்சணத்தில், ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் கிடந்த ஒரு வருஷம் நீச்சல் பழகிவிட்டு, என்னை நானே திமிங்கிலம் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். (நான் நீந்திய இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர். அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.)

டிப்ளமோ முடித்துவிட்டு ரெண்டு வருஷம், அம்மா வேலை பார்த்த பட்டாசு கம்பெனியிலேயே நானும் கிடந்தேன். முதல் நாள் போர்மேன் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம்.

"சத்தம் கேட்டுச்சுன்னா கையில இருக்கிறத அப்படியே போட்டுட்டு ஓடிரணும். செருப்பத் தேடக்கூடாது. பக்கத்துல இருக்கவனக் கூப்பிடக்கூடாது. திரும்பிப் பாக்கவே கூடாது. ரோட்டுல போயித்தாம்லே நிக்கணும்!"

அம்மா ஒரு தடவை அப்படி ஓடி வந்தவள். அன்றைக்கு அவளோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி வீட்டில் யாரும் அவளிடம் கேட்பதில்லை.

அவளை அந்த வேலையிலிருந்து எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்றுதான் மாலத்தீவுக்குக் கிளம்பினேன். ஒரு தீவு ஓட்டலில் வேலை. கடலுக்குள் முங்குகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்ளும் சிலிண்டர்களுக்குக் காற்று அடைக்க வேண்டும். ஊரில் சித்தப்பா கேட்டார், "என்ன வேலைலே?" "காத்து அடிக்கிற வேலை சித்தப்பா." "அதுக்கா கடல் தாண்டிப் போற? சாத்தூர் பைபாஸ்ல பஞ்சர் கடைக்கு ஆளு தேடுறான்லே!"

அந்த ஓட்டலில் டைவிங்குக்குப் பொறுப்பு மார்த்தா என்கிற ஜெர்மன்காரம்மா. சிரிக்கவே சிரிக்காது, ஆனால் தங்கமான மனசு. நான் காற்று அடைத்த நேரம் போக மீதி நேரத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்தது. கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, மயங்கியவரைத் தூக்கி வருவது என்று ஒன்றரை வருஷம். ஒருவருக்குக் காற்று தீர்ந்துபோனால் நம் சிலிண்டரிலிருக்கும் இன்னொரு குழாயை அவர் வாயில் கொடுத்து, கையைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டி வர வேண்டும். அதை மட்டும் நூறு தடவை பழகியிருப்பேன். கடைசியில் டைவ்மாஸ்டர் சான்றிதழ் வந்தது. அதாவது, விருந்தாளிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிற ஆள்.

அங்கேயே ஒரு இடம் காலி இருந்தது. "ஒரே ஒரு டைவ். நீ முன்னால் போ, நான் பின்னால் வந்து பார்க்கிறேன். சரியாகச் செய்தால் வேலை உனக்கு" என்றது மார்த்தா.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த டைவ் முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். செய்தேனா? டைவுக்கு முந்தின நாளே அம்மாவுக்குப் போன் போட்டு, "வேலை கெடச்ச மாதிரிதாம்மா. இனிமே வரமாட்டேன்னு கம்பெனியில சொல்லிரு" என்றேன். அவளும் மகன் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சாத்தூர் சேவு வாங்கிக் கூட வேலை பார்த்த எல்லாருக்கும் கொடுத்து விடைபெற்றுவிட்டாள்.

என்னோடு முங்க வந்தவர் சரோஜா அக்கா. மலேசியத் தமிழர், வயசு அறுபது, ஓய்வு பெற்ற நர்ஸ். வீட்டுக்காரர் போன பிறகு, இத்தனை நாள் ஆசைப்பட்டதை ஒன்றாவது செய்து பார்ப்போம் என்று டைவிங் படித்தவர். நான் தமிழன் என்று தெரிந்ததும் அவருக்கு அம்புட்டு சந்தோஷம்.

"இன்னும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு தம்பி."

"நான் இருக்கேன்லக்கா. என் கையப் பிடிச்சுக்கிட்டே வாங்க, ஒண்ணும் ஆகாது."

சொன்ன வாயில் சீனியைப் போடவா, மண்ணைப் போடவா?

நாற்பது அடி ஆழம். அக்கா என் கையைப் பிடித்தபடி வந்தார். ஒரு ஆமையைக் காட்டினேன். குழந்தை மாதிரி தலையை ஆட்டினார். நானும் பின்னால் வந்த மார்த்தாவைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தேன். அந்த நிமிஷத்தில்தான் அக்காவின் சிலிண்டர் வாயில் இருந்த சின்ன ரப்பர் வளையம் தெறித்தது.

டமார்!

சத்தம் காதில் விழுந்ததும் திரும்பினால், அவர் தலைக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று குமிழி பொங்குகிறது. எனக்கு அது குமிழியாகத் தெரியவில்லை. புகையாகத் தெரிந்தது. ஒன்றரை வருஷப் படிப்பு எங்கே போனதோ, ரெண்டு வருஷப் பாடம் காலுக்கு வந்துவிட்டது. கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கையில் இருந்தது சரோஜா அக்காவின் கை.

அவ்வளவு வேகமாக மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும், வந்தே தீருவதென்றால் மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே வர வேண்டும் என்பது விதி. நான் "ஐயோ ஐயோ" என்று நாற்பது அடியும் கத்திக்கொண்டே வந்ததால் மூச்சு தானாக வெளியேறித் தப்பித்தேன். (அன்றைக்கு நான் சரியாகக் கடைப்பிடித்த விதி அது ஒன்றுதான்.) மேலே வந்த பிறகாவது நின்றேனா? ரோட்டில் போய்த்தானே நிற்க வேண்டும்! நடுக்கடலில் ரோட்டைத் தேடி நீந்திக்கொண்டிருக்கிறேன், படகோட்டி விசில் அடித்துக்கொண்டே படகில் என்னைத் துரத்துகிறார்.

என்னை அள்ளிப் படகில் போட்டு, ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மார்த்தா மேலே வந்தது. அக்காவும் கூடவே வந்தார். தன் குழாயை அவர் வாயில் கொடுத்து, கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டி வந்திருக்கிறது. நான் நூறு தடவை பழகியது.

அக்கா துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். கன்னத்தில் ரெண்டு போட்டிருந்தால் இன்னும் நல்லாயிருந்திருக்கும். அவரோ எழுந்து வந்து, நான் கீழே விட்டுவிட்டு வந்த அந்தக் கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"மூச்சு சரியா வருதா தம்பி? நெஞ்சு வலிக்குதா?"

நான் மயங்கியவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் கடலில் இறங்கவில்லை. ரெண்டு நாள் கழித்து ஊருக்குப் புறப்பட்டார். வழியனுப்ப எல்லாரும் படகுத்துறைக்குப் போனார்கள். நான் கம்ப்ரசர் ரூமில், ஏற்கனவே காற்று நிறைந்த சிலிண்டர்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "அந்தத் தம்பி எங்க?" என்று கேட்டாராம். படகு போன சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். ஒரு மன்னிப்பு கேட்க எம்புட்டு நேரம் ஆகியிருக்கும்?

"உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் உன்னை நம்பி யாரையும் அனுப்ப முடியாது" என்று மார்த்தா சொன்னது. நியாயம்தான். ஊர் வந்து சேர்ந்தேன். சேவு கொடுத்து விடைபெற்ற அம்மா, அதே கம்பெனி வாசலில் போய் நின்று, அதே ரூமில் இன்னும் மூன்று வருஷம் உட்கார்ந்தாள். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

வந்த அன்றைக்கே அவளிடம் சத்தம் கேட்டதையும் ஓடி வந்ததையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சத்தம் கேட்டா ஓடத்தான்லே செய்யணும். உசுரோட வந்தேல்ல, அது போதும்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"கையில என்னலே வச்சிருந்த?"

"டார்ச்சும்மா."

"டார்ச்சுதான? போனாப் போகுது" என்று எழுந்து போய் உலை வைத்தாள்.

இப்போது அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். நான் சாத்தூரில் தீயணைப்பு சிலிண்டர் நிரப்பும் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் ஒரு தட்டு கை தவறி விழுந்தால் போதும், என் பெண்டாட்டி பிள்ளைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, "வழி விடுங்க, வழி விடுங்க! ஒங்க அப்பா கெளம்பிட்டாக!" என்பாள். வந்த விருந்தாளிக்கு விளங்காது. உடனே முழுக்கதையும் ஆரம்பமாகும். ஆமை, டமார், ஐயோ ஐயோ, நடுக்கடலில் ரோடு. சின்ன மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போவாள். நானும் சிரிப்பேன்.

"அப்பா, கையில இருந்தத என்ன செஞ்சீக?" என்று எடுத்துக் கொடுப்பாள்.

"போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"என்னது அது?"

"டார்ச்சு" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள், அம்மாவைத் தவிர. சரோஜா அக்கா என்று ஒருத்தர் இருந்ததே எங்க வீட்டில் யாருக்கும் தெரியாது.